காம்ப்ஸ் தேர்வுக்கு முன் ஒரு தாளில் கோடுகள் வரையுங்கள்

போன வாரம் காம்ப்ஸ் (பிஎச்டி நடுவே வரும் பெருந்தேர்வு) முடிந்தது, பாஸாகிவிட்டேன். அரிசோனாவில் நீரியல் பிஎச்டி. வறண்ட நிலத்துச் செடிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் தரும் பசுமைக் குறியீட்டிலிருந்து கணக்கிடுவது என் பகுதி. இதே பக்கம் வரும் தம்பி தங்கைகளுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். எழுத்துத் தேர்வு, வைவா நடைமுறையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சமன்பாடுகளை மனப்பாடம் செய்யும் முன், உங்கள் ஆய்விடத்தின் ஒரு வருடத்தைக் கையால் வரையுங்கள். ஒரு கோடு ஈடிஓ (தண்ணீர்த் தட்டில்லாத புல்வெளியிலிருந்து அந்த வானிலையில் போகக்கூடிய ஆவி), மாதவாரியாக. அதே தாளில் இன்னொரு கோடு என்டிவிஐ, அதாவது செயற்கைக்கோள் தரும் பசுமைக் குறியீடு. தென்கிழக்கு அரிசோனாவில் ஈடிஓ ஜூனில் உச்சிக்குப் போகும். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்து வரும் மாதம் அது. பருவமழை ஜூலையில்தான் வரும், மேட்டுநிலப் புல் ஆகஸ்டில்தான் பச்சை கட்டும். இரண்டு உச்சிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். கமிட்டி கேட்டதில் முக்கால்வாசி அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

"ஜூனில் ஈடிஓ இவ்வளவு இருக்கிறதே, உண்மையான ஈடி (மண்ணும் செடியும் விடும் ஆவி) ஏன் இவ்வளவு குறைவு?" போர்டில் இரண்டு கோட்டையும் போட்டு, ஜூனில் காற்று கேட்கும் தண்ணீர் நிலத்தில் இல்லை என்று காட்டினேன். உடனே, "அப்படியானால் சான் பெட்ரோ ஆற்றங்கரை?" அந்தக் கரையின் பசுமைக்கு மூன்றாவது கோடு போட்டேன். அங்குள்ள மெஸ்கீட் மரங்கள் (நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு) மழைக்காகக் காத்திருப்பதில்லை. வேர் நிலத்தடி நீரைத் தொடுவதால் ஜூனிலும் தழைத்தே நிற்கும். அங்கே ஈடி மழையளவைத் தாண்டினால் கணக்கு தப்பு என்று பதறாதீர்கள், அது நிலத்தடியிலிருந்து வந்த தண்ணீர்.

அங்கிருந்து எம்ஓடி16 (மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவிலிருந்து ஈடியைக் கணக்கிடும் முறை) பக்கம் போனார்கள். அது மண்ணின் ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை. காற்று வறண்டால் இலைத்துளை மூடும் என்று கணக்குப் போடும். மேட்டுநிலப் புதருக்கு ஓரளவு பொருந்தும். வேர் தண்ணீரில் இருக்கும் மரத்துக்குப் பொருந்தாது, குறைத்துக் காட்டும். அதன் பிக்சல் 500 மீட்டர் வேறு. ஆற்றோர மரவரிசை பல இடங்களில் அதைவிட ஒடுக்கம். படம் கண்முன் இருந்ததால் எல்லாவற்றையும் அதைப் பார்த்தபடியே சொல்ல முடிந்தது.

கைவசம் இருக்க வேண்டியவை:

- எஃப்ஏஓ-56 (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1998 கையேடு) ஈடிஓவுக்கு எடுத்துக்கொள்ளும் புல்: உயரம் 0.12 மீட்டர், ஆவி வெளியேற எதிர்ப்பு மீட்டருக்கு 70 நொடி, ஆல்பிடோ (வெயிலைத் திருப்பி அனுப்பும் பங்கு) 0.23. பாலைவனத்தில் அந்தப் புல் எங்கே என்பார்கள். அது வானிலையை அளக்கும் கோல், அங்குள்ள செடியைப் பற்றிய தகவல் அல்ல.
- எஸ்ஏவிஐ (மண்ணின் தாக்கத்தைத் திருத்திய பசுமைக் குறியீடு, 1988), அதன் மண் திருத்த எண் எல் = 0.5. செடி குறைந்த இடத்தில் மண்ணின் நிறம் என்டிவிஐயைக் கெடுக்கும்.
- மழைக்கு மறுநாள் வெறும் மண்ணிலிருந்து போகும் ஆவி எந்தப் பசுமைக் குறியீட்டுக்கும் தெரியாது.
- தண்ணீர் தட்டினால் இலைத்துளை முதலில் மூடும், பசுமை பிறகுதான் குறையும். அந்த நாட்களை நிலத்தின் வெப்பநிலையை வைத்து ஈடியைக் கணக்கிடும் மெட்ரிக் என்ற முறை சீக்கிரம் பிடிக்கும்.
- சகுவாரோ கள்ளி பகலில் துளையை மூடி இரவில் திறக்கும்.
- எட்டி கோவேரியன்ஸ் கோபுரத்தில் (காற்றின் சுழல்களை அளந்து ஈடி காணும் கருவி) ஆற்றலின் வரவு செலவுக் கணக்கு பெரும்பாலும் முழுதாக நேராகாது. "கோபுரம் சொல்வதே உண்மை" என்று வாய்விடாதீர்கள்.

ஓப்பன்ஈடி (பல ஈடி மாதிரிகளைச் சேர்த்துத் தரும் தளம்) பற்றிக் கேள்வி வந்தால் அதிலுள்ள சிம்ஸ் மாதிரியைப் பிரித்துச் சொல்லுங்கள். அது என்டிவிஐயிலிருந்து பயிர்க் குணகத்துக்கு (ஈடிஓவைப் பெருக்கிப் பயிரின் ஈடியைக் காணும் எண்) போகிறது. பாசன வயலுக்கு நல்லது, மழையை நம்பிய புதர்க்காட்டுக்கு அல்ல.

நான் தனியாக, மெதுவாகப் படிக்கிறவன். குழுப்படிப்பும் ஃப்ளாஷ் கார்டும் எனக்கு ஒட்டவில்லை. அவை ஒட்டுகிறவர்களும் இந்தப் படத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து வரையுங்கள். எக்செல் வேண்டாம். பென்சில் பிடிக்கும்போதுதான் இந்த மாதம் கோடு ஏன் ஏறுகிறது என்று மனம் கேட்கும்.

டாமரிஸ்க் (வெளியிலிருந்து வந்து ஆற்றங்கரைகளில் பரவிய புதர்மரம்) கேள்வி வராமல் போகாது. கீழ்க் கொலராடோ ஆற்றங்கரையில் அது தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதாகப் பல காலம் எழுதினார்கள். மோடிஸ் தரும் ஈவிஐ என்ற இன்னொரு பசுமைக் குறியீட்டைக் கள அளவுகளோடு பொருத்திப் பார்த்தபோது எண் நன்றாக இறங்கிவிட்டது. "வெட்டினால் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். நிலத்தடி நீர் எவ்வளவு ஆழம், வெட்டிய இடத்தில் அடுத்து எது முளைக்கும் என்று முதலில் கேளுங்கள். முளைப்பது குடிக்கும் அளவைக் கழித்த பிறகே பதில் சொல்லுங்கள்.