ஏழு பேரில் ஒருவர்

தமிழ் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏஜென்சி அனுப்பும் வழக்குச் செய்திகளைத் தமிழில் எழுதித் தலைப்பு வைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். அவற்றில் சதி வழக்கு வந்தால்தான் எனக்குக் கை தயங்கும். கொலை வழக்கில் பிணம் இருக்கும், திருட்டு வழக்கில் உடைந்த பூட்டு இருக்கும். சதி வழக்கில் பெரும்பாலும் பேச்சும் கடிதமும்தான். முதல் நாளன்று அரசுத் தரப்பு கொடுத்த காகிதத்தைத் தவிர நம் கையில் வேறொன்றும் இருக்காது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் வழக்கை. 1970 நவம்பர் 27 அன்று, கூடுதல் ஆட்களுக்கு நிதி கேட்டு, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் எட்கர் ஹூவர் செனட் துணைக்குழு முன் போனார். வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவரைக் கடத்தவும், வாஷிங்டனின் நிலத்தடி மின்தடங்களைத் தகர்க்கவும் போர் எதிர்ப்பாளர்கள் திட்டமிடுவதாகச் சொன்னார். டேனியல், பிலிப் பெரிகன் என்ற பாதிரியார் சகோதரர்களின் பெயரும் அதில் வந்தது. வியட்நாம் போருக்கான ஆள்சேர்ப்புக் கோப்புகளை எரித்ததற்காக இருவரும் ஏற்கெனவே சிறையில் இருந்தார்கள். அன்றைக்கு வழக்கே கிடையாது, செய்தி மட்டும் நாடு முழுக்கப் போய்விட்டது. குற்றப்பத்திரிகை 1971 ஜனவரி 12-இல்தான் வந்தது. கடத்தப்பட இருந்தவர் அதிபர் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் என்றார்கள். அந்த மாதமே டைம் இதழின் அட்டையில் பெரிகன் சகோதரர்கள்.

கடைசியில் விசாரணைக்கு நின்ற ஏழு பேரில் ஒருவர் இக்பால் அகமது. பிகாரின் கயா மாவட்டத்தில் பிறந்து, பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய், பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். கெரில்லாப் போர்களை ஆழமாக ஆராய்ந்தவர். வியட்நாமில் அமெரிக்கா ஏன் ஜெயிக்க முடியாது என்று அவரால் படிப்பை வைத்தே பேச முடிந்தது. கத்தோலிக்கர்கள் நடுவே அவர் ஒரே முஸ்லிம், ஒரே வெளிநாட்டவர். இப்படிப்பட்டவரை 'பாகிஸ்தானியர்' என்று மட்டும் எழுதி முடித்துவிட எந்த டெஸ்க்குக்கும் கை வரும். அவருடைய ஆராய்ச்சி பற்றி இரண்டு வரியாவது வேண்டும் என்பது என் கட்சி. வழக்கு தலைக்கு மேல் தொங்கிய 1971 செப்டம்பரிலேயே, கிழக்குப் பாகிஸ்தானில் தன் நாட்டு ராணுவம் செய்த கொடுமைகளைக் கண்டித்து அவர் பகிரங்கமாக எழுதினார். ஒரே சமயத்தில் இரண்டு அரசுகளைப் பகைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வழக்கின் முக்கியச் சாட்சி பாய்ட் டக்ளஸ், லூயிஸ்பர்க் சிறைக் கைதி. பக்நெல் பல்கலைக்கழகத்தில் படிக்க வெளியே போய்வர அனுமதி பெற்றவர். சிறையிலிருந்த பிலிப்புக்கும் கன்னியாஸ்திரீ எலிசபெத் மெக்கலிஸ்டருக்கும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார், நகல்களை எஃப்.பி.ஐ.யிடம் சேர்த்தார். விசாரணை தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே, 1971 ஏப்ரலில் வந்த திருத்திய குற்றப்பத்திரிகையோடு அந்தக் கடிதங்களும் வெளிவந்தன. அந்தரங்கக் கடிதம் கையில் கிடைத்தால் எந்தப் பத்திரிகை விடும்? லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் ஜாக் நெல்சன் மாதிரியானவர்கள்தான் எஃப்.பி.ஐ. நடந்துகொண்ட விதத்தையும் தோண்டினார்கள்.

நீதிமன்றத்தில் அரசு 60-க்கும் மேற்பட்ட சாட்சிகளை நிறுத்தியது. அப்புறம் எதிர்த்தரப்பின் முறை. முன்பு அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாகவே, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாகவே, இருந்த ராம்சே கிளார்க் எழுந்தார். இவர்கள் அமைதியை நாடுகிறவர்கள், நிரபராதிகள், எங்கள் தரப்பு முடிந்தது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரு சாட்சிகூடக் கிடையாது. ஜூரிகள் ஏறத்தாழ 60 மணி நேரம் விவாதித்தும் சதிக் குற்றச்சாட்டில் ஒத்துப்போகவில்லை. 12 பேரில் 10 பேர் விடுவிக்கச் சொன்னார்கள். 1972 ஏப்ரல் 5-இல் கடிதங்களைக் கடத்தியதற்காக மட்டும் பிலிப்பும் எலிசபெத்தும் குற்றவாளிகள் ஆனார்கள். சதிக் குற்றச்சாட்டை அரசு பிறகு கைவிட்டது.

இந்த முடிவுக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன். 'பாதிரியார் குற்றவாளி' என்று வைத்தால் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர் கிஸ்ஸிங்கரைக் கடத்தப் பார்த்தது நிரூபணமாகிவிட்டது என்றே நினைப்பார். இக்பால் அகமது அந்தத் தலைப்புக்குள் வரவே மாட்டார்.

சதி வழக்குச் செய்தி வந்தால் அடுத்த விசாரணைத் தேதியை டைரியில் குறித்துவைக்கிறேன். தீர்ப்பு நாளில், குற்றப்பத்திரிகைச் செய்திக்குக் கொடுத்த அதே இடத்தைக் கேட்டு ஆசிரியரிடம் போய் நிற்பேன். விளம்பரம் நிறைந்த நாளென்றால் கிடைக்காது. சரி, மறுநாள் பக்கத்துக்காவது கேட்பேன்.