தோட்ட லயத்து நாட்குறிப்பு, மலாயா 1943

ஏப்ரல் 18
ஜப்பான்காரன் லாரி வந்துவிட்டது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு இலவசம் என்று கணக்கெழுதும் கிராணி காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, வாசித்தார். அண்ணனையும் ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 20
மூன்று மாதத்துக்குத் தொண்ணூறு வெள்ளி. 1941-ல் கிள்ளானில் கூலி உயர்வு கேட்டதற்கு வெள்ளைக்காரன் பட்டாளம் வந்து சுட்டது, போராட்டத் தலைவர் நாதனைப் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். இந்த ஜப்பான்காரன் கேட்காமலே தருகிறானாம். அப்போது துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று வீறாப்பு பேசினார்கள். இப்போது ஜப்பான் சிப்பாய் முன்னால் இடுப்பு ஒடியக் குனிகிறோம்.

மே 9
ரப்பர் பால்வெட்டு அநேகமாக நின்றுவிட்டது. வாங்க ஆள் இல்லாத பாலை வெட்டி என்ன செய்வது? மரத்தைச் சாய்த்து மரவள்ளி போடச் சொல்கிறார்கள். ஆம்பிளைகள் பாதிப் பேர் இல்லை, வேர் பிடுங்குவதும் நாங்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பெண்ணுக்குக் கூலி குறைவு. ஆம்பிளை வேலை கஷ்டமாம். சரி, இப்போது அதே வேலையைத்தானே செய்கிறோம்? வேலையை மேற்பார்க்கும் தண்டல் இன்னும் பெண்கூலிதான் எழுதுகிறார். கேட்டதற்குச் சிரிக்கிறார்.

மே 10
உப்பு இல்லை.

ஜூன் 2
பட்டணத்தில் இலவசப் படம் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றினார்களாம். இங்கே இருட்டியதும் ஆம்பிளைகள் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். கடிகாரத்தையும் டோக்கியோ மணிக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். நடு இருட்டில் பெரட்டு, வந்து நிற்பது முழுக்கப் பெண்கள்.

ஜூலை 18
மூன்று மாதம் முடிந்தது. அண்ணி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 5
சயாமிலிருந்து (தாய்லாந்து) தப்பி வந்த ஒருவன் அடுத்த தோட்டத்தில் ஒளிந்திருக்கிறான். ஏற்றிப்போன ஆட்களை வைத்து அங்கிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போடுகிறார்களாம். ஓயாத மழை, மூங்கில் கொட்டகை, காலரா. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்கள் டாக்டரே கூட இருக்கிறாராம், நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை. அண்ணனைப் பார்க்கவில்லை என்றான். பார்க்காதது நல்லதா கெட்டதா? அண்ணியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6
தொண்ணூறு வெள்ளியை யாரிடம் கேட்பது? ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டுக்கு இப்போதே மதிப்பில்லை.

நவம்பர் 11
தங்கச்சி நேதாஜியின் ஜான்சி ராணி பெண்கள் படையில் சேரப் போகிறாளாம். டாக்டர் லட்சுமி என்று ஒரு அம்மா தலைமையாம். அம்மா ஒரே அழுகை. "இங்கே இருந்தால் மண்வெட்டி, அங்கே துப்பாக்கி. எது மேல், சொல்லுக்கா" என்று என்னைக் கேட்கிறாள். அவள் போனால் மரவள்ளிக் காட்டில் இரண்டு கை குறையும், அதைத்தான் முதலில் நினைத்தேன்.

நவம்பர் 12
நாளைக்கே கிளம்புகிறாளாம். உடுத்திப் போக ஒரு நல்ல துணி வேண்டும். இருப்பது சாக்குத் துணியும் என் சேலையும்