அப்பாவின் ஸ்டென்டும் குட்டைப் பன்றியும்

கோத்தகிரியிலிருந்து மலை இறங்கிக் கோவை போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது, அதுவும் ஜனவரிக் குளிரில். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார்: பேனா ஸ்பிரிங்கைவிட மெல்லிசு, கண்ணி கண்ணியாக வலை போல.

சரி, இதை முதலில் எதில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தேடப்போய்த்தான் பன்றியிடம் வந்தேன். எலியின் ரத்தக்குழாய் நூல் மாதிரி, ஸ்டென்ட் நுழையாது. அதன் உடம்பில் கொழுப்பு ஓடும் விதமும் வேறு. பன்றிக்கோ இதயமும் அதைச் சுற்றும் குழாய்களும் ஏறக்குறைய நம்முடையது போலத்தான், கொழுப்புத் தீனி போட்டால் நமக்கு வருவது போலவே படிவும் வரும். ஆனால் பண்ணைப் பன்றி 200 கிலோவைத் தாண்டி வளர்ந்துவிடும், அதை வைத்து நீண்டநாள் ஆராய்ச்சி செய்வது பெரும்பாடு. அதனால்தான் 1960களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், வளர்ந்த பிறகும் 40 கிலோ அளவிலேயே நிற்கும் குட்டை இனத்தை உருவாக்கினார்கள்.

பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்து 28 நாள் கழித்துப் பன்றியைக் கொன்று, குழாயைக் குறுக்கே வெட்டி, உள்சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று தேயிலைத் தோட்ட ஓரமாகக் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு போனது. எப்போதும் கல்லெடுக்கும் அப்பா, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.