தை மாசம் பொதிகைக்கு

பொதிகை மலை உச்சியான அகத்தியர்கூடத்துக்குப் போகணும்னு மைனிதான் ஆரம்பிச்சா. 1,868 மீட்டர் உயரம். நம்ம தக்கலையில இருந்து பாத்தா பக்கம்தான், ஆனா பாதை கேரளா பக்கம், போணக்காட்டுல தொடங்குது. நெடுமங்காடு, விதுரா வழி போகணும்.

வருஷத் தொடக்கத்துல கொஞ்ச வாரம்தான் வனத்துறை ஆளை விடும். முன்பதிவு ஆன்லைன்ல. டிக்கெட் தீரும் வேகத்தைப் பாத்தா தீபாவளி ரயில் தோத்துரும். 2018ல கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்களுக்கும் வழி திறந்துச்சு. 2019 ஜனவரியில முதல் பெண் ஏறினாங்க. மைனிக்கு அந்தச் செய்தி மேல அப்பவே ஒரு கண்ணு.

வழிகாட்டி இல்லாம போக முடியாது. எனக்கு அது நிம்மதி. யானை நடமாடுற காடு, கூகுள் மேப்பு அங்க என்ன செய்யும்? முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை, ராத்திரி அங்கயே. மறுநாள் உச்சி. கடைசிப் பாறைச் சரிவுல கயிறு பிடிச்சு ஏறணும். அதை நான் அம்மாகிட்ட சொல்லல.

பழக்கத்துக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மருந்துவாழ்மலை ஏறுறோம். மைனி சளைக்காம முன்னால போறா. எனக்கு இறங்கும்போதுதான் முட்டு நோவுது. பழைய ஷூவை மாத்தணும், மருத்துவச் சான்றிதழ் வாங்கணும், பிளாஸ்டிக் இல்லாம சாப்பாடு கட்டணும்.

அம்மாவுக்கு ஒரே கவலை: "மக்களே, அட்டை கடிச்சா என்ன செய்வ?"

உப்புப் பொட்டலம் இப்பவே பையில வச்சாச்சு.