கறி மணமும் சமரசமும்

சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியர்கள் சமைக்கும் கறியின் வாசனை தாங்கவில்லை என்று முறையிட, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைப்பது என்று சமரசம் ஏற்பட்டதாக 2011இல் வெளியான செய்தி சிங்கப்பூரையே கொதிக்க வைத்தது. அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல இனத்தவரும் தத்தம் வீட்டில் கறி சமைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். கோபம் இயல்பானதே. ஆனால் அந்த யோசனையைச் சொன்னது இந்தியக் குடும்பமே என்றும், பதிலுக்குத் தங்கள் கறியை ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்கும்படி அவர்கள் கேட்டார்கள் என்றும் வந்த விவரங்களைப் பலர் கவனிக்கவே இல்லை.

பஞ்சாயத்து என்றால் ஆலமரத்தடியில் ஒருவர் தீர்ப்புச் சொல்வார் என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் இந்தச் சமரசம் நடந்த, சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சின் கீழ் 1998 முதல் இயங்கும் சமூக சமரச நிலையத்தில் தொண்டூழியராகப் பணியாற்றும் சமரசர், எந்த முடிவையும் யார் மீதும் திணிக்க முடியாது. இரு தரப்பையும் சேர்த்தும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் கேட்டு, அவர்களே ஒரு வழியைக் கண்டுபிடிக்கத் துணை நிற்பதுதான் அவர் வேலை. மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் என்று தொடங்கும் புகாருக்கு அடியில், மின்தூக்கியில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வருத்தம் இருக்கக்கூடும். அதைச் சொல்ல அந்தத் தனிச் சந்திப்புதான் ஏற்ற இடம் என்பது என் எண்ணம். அங்கே பேசியது இரகசியமாகவே இருக்கும். உடன்பாடு கண்டால் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அது கைகூடாவிட்டால், அண்டைவீட்டுப் பூசல்களுக்காகவே 2015இல் தொடங்கப்பட்ட நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே முடிவெடுப்பவர் நீதிபதி.