எந்த இரவைத் தளத்துக்குக் கொடுப்பது?

சிறு விடுதி நடத்துபவர்கள் கூடினால், ஆன்லைன் புக்கிங் தளங்களைப் பற்றிய பேச்சு, ஒவ்வொரு பதிவுக்கும் அவை பிடித்துக்கொள்ளும் கமிஷனில் தொடங்கி கமிஷனிலேயே முடிகிறது. நூற்றுக்கு 15 கேட்கிறார்களா, 18 கேட்கிறார்களா என்பது தெரிய வேண்டியதுதான். ஆனால் தளத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. தளம் வழியாக வரும் விருந்தினர், தளம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஓர் இரவு வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். துப்புரவு, சலவை, மின்சாரம், காலை உணவு எல்லாம் சேர்ந்து ஆள் தங்கினால் மட்டும் ஆகும் செலவு 20. காலியாகக் கிடக்கவிருந்த அறை 15 சதவீதக் கமிஷனில் போனால் கையில் 65 நிற்கிறது. எப்படியும் நிரம்பியிருக்கும் அறை அதே வழியில் போனால் 15 நஷ்டம். ஆகவே தளத்திலிருந்து வரும் 100 பதிவுகளில் 19 மட்டும் புதிதாகக் கிடைத்தவையாக இருந்தாலே நஷ்டமில்லை: 19 பதிவில் 1,235 வரவு, மற்ற 81இல் 1,215 இழப்பு. ‘கமிஷன் கொள்ளை’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே போனபின் கணக்கு மாறுகிறது என்பதும் உண்மை. உறுப்பினர்களுக்கு 10 சதவீதம், மொபைலில் பதிவு செய்தால் 10 சதவீதம் என்று தளம் தள்ளுபடிகளைப் பரிந்துரைக்கும். தேடலில் மேலே வருவீர்கள் என்ற ஆசை வார்த்தையும் கூடவே வரும். இரண்டையும் ஒப்புக்கொண்டால் 100 முதலில் 90 ஆகும், பிறகு 81 ஆகும். அதில் 15 சதவீதம் போனால் மிச்சம் 68.85. செலவு 20 கழிந்தால் 48.85. நேரடியாக வந்திருக்கக்கூடியவர் இந்த வழியில் வந்தால் நமக்கு இழப்பு 31.15. இப்போது 100 பதிவுகளில் 39 புதியவையாக இருந்தால்தான் தலை தப்பும். கமிஷன் அரை சதவீதம்கூட ஏறவில்லை, தேவைப்படும் புதிய ஆட்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள். ஒப்பந்தத்தைவிட இந்தத் தள்ளுபடிப் பக்கத்தைத்தான் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சில சலுகைகள் சேரும்போதே இயக்கத்தில் இருக்கும், அணைப்பது நம் வேலை.

கமிஷன் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு மட்டுமா, துப்புரவுக் கட்டணத்துக்கும் காலை உணவுக்கும் சேர்த்தா, வரிக்கும் உண்டா? பணத்தைத் தளமே வசூலித்துத் தந்தால் அதற்கான கட்டணம் தனியா? எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. வீடுகளையும் அறைகளையும் வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் கட்டணத்தை இரு தரப்பும் பங்கிடும் முறையில் உரிமையாளரின் பங்கு பொதுவாக 3 சதவீதம், மீதி விருந்தினரிடம் போகும். எல்லாவற்றையும் உரிமையாளரே சுமக்கும் முறையும் அங்கே உண்டு. வெறும் சதவீதங்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

புதியவர்கள் எத்தனை பேர் என்று எப்படி அறிவது? போன வருடப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு இரவும் எத்தனை அறை காலியாக இருந்தது என்று குறியுங்கள். 8 அறை விடுதிக்கு வருடத்துக்கு 2,920 அறை இரவுகள். அவற்றில் தளம் இல்லாமலே நிரம்பியவை எவை என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: பருவகால வார இறுதிகள், விழா நாட்கள், வாடிக்கையாளர்கள் வழக்கமாக வரும் வாரங்கள். அந்த இரவுகளைத் தளத்தில் மூடிவையுங்கள். மற்றவற்றைத் திறந்துவிடுங்கள். சேர்வது என்றால் வருடம் முழுக்க எல்லா அறையையும் ஒப்படைப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் குறைந்தபட்ச எண்ணிக்கை எதையும் கேட்காவிட்டால் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 8 அறையில் 3 அறையோடு, வார நாட்களோடு மட்டும் தொடங்கலாம்.

அடுத்த தலைவலி, ஒரே அறை இருவருக்குப் போய்விடுவது. இரண்டு தளங்களின் கேலண்டரை ஐகேல் என்னும் இலவச இணைப்பால் கோத்தால் போதும் என்பார்கள். அது உடனுக்குடன் பேசிக்கொள்ளும் இணைப்பு அல்ல. ஒரு தளம் மற்றதன் கோப்பை அவ்வப்போது போய் எடுத்துவரும், நடுவே மணிக்கணக்கில் இடைவெளி விழலாம். தேதியை மட்டும்தான் அது சொல்லும், விலையைச் சொல்லாது. ஒரே வீட்டை முழுதாக வாடகைக்கு விடுபவருக்கு அது சரிப்படும். ஒரே வகையில் மூன்று அறை வைத்திருப்பவருக்குச் சரிப்படாது. அவருக்குத் தேவை சேனல் மேனேஜர், அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மென்பொருள். மாதக் கட்டணம் உண்டு, ஆனால் ஓர் அறை விற்றதும் எல்லா இடத்திலும் எண்ணிக்கை குறையும். அதற்கும் மனமில்லை என்றால், ஒவ்வொரு வகையிலும் கடைசி ஓர் அறையைத் தளத்துக்குக் கொடுக்காமல் நிறுத்திவையுங்கள். இரட்டைப் பதிவு நேர்ந்தால், அதே தரத்திலோ மேலாகவோ வேறிடம் பார்த்து விலை வித்தியாசத்தைக் கட்டுவது பெரும்பாலும் விடுதிக்காரர் தலையில்தான் விழும். காகிதப் பதிவேடு, கணினி இரண்டில் எதில் இருப்பது இறுதிக் கணக்கு என்றும் முடிவு செய்துவிட வேண்டும். தொலைபேசியில் வந்த பதிவை ‘பிறகு ஏற்றிக்கொள்ளலாம்’ என்று விடும் அந்த அரை மணி நேரத்தில்தான் தகராறு பிறக்கிறது.

நள்ளிரவுக்குப் பின் வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலை 2 மணிக்கு வந்திறங்குபவர் காலண்டரில் அன்றைய தேதியைப் போட்டுவிடுவார், அவருக்கு வேண்டியதோ முந்தைய நாளின் அறை. பதிவு வந்த உடனே ‘எத்தனை மணிக்கு வருகிறீர்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் இது வெளிப்பட்டுவிடும். இரவுப் பணியாள் இல்லாத விடுதி, அன்றன்றைய பதிவுக்கு மாலை 6 மணி போன்ற எல்லையை வைத்துவிடுவது நல்லது.

வராமலே போனவரை உரிய கெடுவுக்குள் ‘வரவில்லை’ என்று குறிக்காவிட்டால், வராத ஆளுக்கும் கமிஷன் பில் வரும். மாதாந்தர பில்லைப் பதிவேட்டோடு வரிவரியாக ஒத்துப்பார்க்க ஒருவரை நியமியுங்கள். இலவச ரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் யோசித்தே வைக்க வேண்டும். தாராளமாக வைத்தால் பதிவு குவியும், கடைசி இரண்டு நாளில் பாதி கரையும். திரும்ப விற்க உங்களுக்கு எத்தனை நாள் பிடிக்குமோ அதுவே எல்லை.

விருந்தினர் தளத்தில் போடும் மதிப்பெண் விஷயத்தில் சிறு விடுதிகளுக்கு அடி பலமாக விழும். நான்கு பேர் 9 கொடுத்து ஐந்தாமவர் 4 கொடுத்தால் சராசரி 8. ஐம்பது பேரில் ஒருவர் மட்டும் 4 கொடுத்தால் 8.9. முதல் சில பதிவுகளை நெரிசல் நாட்களில் வாங்காமல், கவனிக்க ஆள் இருக்கும் அமைதியான வாரங்களில் வாங்குங்கள். செங்குத்தான படி, சிறிய குளியலறை, தெருச் சத்தம் இவற்றைப் படத்திலும் விவரத்திலும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட குறைதான் விமர்சனமாகத் திரும்பி வரும்.

தளத்தில் பார்த்துவிட்டு நேரடியாக அழைப்பவர்களும் உண்டு. 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் சில ஓட்டல்களை ஆராய்ந்து, தளத்தில் இடம்பெற்றபோது மற்ற வழிப் பதிவுகள் 7.5 முதல் 26 சதவீதம் வரை கூடியதாகக் கண்டார். தேடும் பழக்கங்கள் அதன்பின் நிறைய மாறிவிட்டன, அந்த எண்ணை அப்படியே நம்பிப் பட்ஜெட் போடக் கூடாது. ஆனாலும் அழைப்பவருக்குக் குறைந்த விலை சொல்ல உரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி விலை தளத்தின் விலைக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனை நெடுங்காலமாக ஒப்பந்தங்களில் இருந்தது. பிரான்ஸ் 2015இலும் இத்தாலி 2017இலும் சட்டம் போட்டு அதை நீக்கின. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அத்தகைய நிபந்தனைகள் போட்டிச் சட்டத்திலிருந்து தானாக விலக்குப் பெறாது என்று தீர்ப்பளித்தது. வேறிடங்களில் அது இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால் விலையைத் தொடாமல், தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகையையோ காலை உணவையோ நேரடியாக அழைப்பவருக்குக் கொடுக்கலாம். அந்த நிபந்தனை சலுகைகளையும் கட்டுப்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டு.