பெருமாளுக்கு அப்புறம் ராணியம்மா

எனக்குப் புரட்டாசித் திருவோணம். திருமலையப்பனுக்கும் அதே நட்சத்திரம் என்பதில் அம்மாவுக்கு இன்னமும் கர்வம். அதனால் வருஷா வருஷம் அன்றைக்குப் பெங்களூர் கோட்டை வெங்கடரமணர் கோயிலுக்குப் போயே ஆகவேண்டும். இந்த வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி. தனியாகப் போனேன்.

கே.ஆர். மார்க்கெட்டில் துளசி மாலை வாங்கினேன். கட்டிக் கொடுத்த அம்மாள், "கோயிலுக்கா தம்பி?" என்று கேட்டு ஒரு சாண் கூடவே விட்டார். 1600-களின் கடைசியில் சிக்க தேவராஜ உடையார் கட்டிய கோயில் இது. திப்புவின் கோடை அரண்மனை பக்கத்திலேயே. வாசல் கருடகம்பம் பீரங்கிக் குண்டைத் தாங்கித் திப்புவைக் காத்தது என்பார்கள். உள்ளே சடாரி, பச்சைக் கற்பூரம் மணக்கும் தீர்த்தம். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். "ஸ்ரவணா" என்றதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அம்மா வருவாள் போல.

அம்மாவின் இன்னொரு வழக்கம் பாக்கி. வெளியே வந்து, பக்கத்து வாணி விலாஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு கும்பிடு. நான் பிறந்த இடம். சின்ன வயதில் அதையும் ஏதோ அம்மன் கோயில் என்றே நினைத்திருந்தேன்.

வாணி விலாஸ சந்நிதானம் என்பது மைசூர் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணியின் பட்டம். 1894 டிசம்பரில் கணவர் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தபோது ராணியம்மாவுக்கு வயது 28, பட்டத்துப் பிள்ளைக்கு 10. பிள்ளை தலையெடுக்கும் வரை, 1902 வரை, ராஜ்யத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். இடையில் பிளேக் வேறு. பக்கத்து விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு 1897-ல் அடிக்கல் நாட்டியதும் அவரே. தாய்சேய்களுக்கான இந்த ஆஸ்பத்திரியை 1935-ல் திறந்தார்கள். முந்தின வருஷமே அவர் காலமாகிவிட்டார்.

தாத்தாவுக்கு வேறு கணக்கு. அவர் கோலார் தங்கவயல்காரர். சிவனசமுத்திரத்துக் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் ராணியம்மா ஆட்சியின் கடைசி மாதங்களில், 1902-ல், சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூருக்கு 1905-ல்தான். "எங்களுக்கு அப்புறம்தான்டா உங்க ஊருக்கே வெளிச்சம்" என்று சீண்டுவார்.

கேட் ஓரம் தூக்குச்சட்டியும் கையுமாக ஒரு கூட்டம். கும்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ராணியம்மாவுக்கு?"

"ஆச்சு."

"செருப்பைக் கழட்டினியா?"

மெட்ரோ படியிலிருந்து திரும்பி நடந்தேன்.